தரவு இல்லை

கணினியில் அந்த இடம் வெள்ளை.
எல்லை வரை பச்சை, பழுப்பு, சாலைகளின் கறுப்பு.
அதற்கப்பால் ஆந்திரம்,
யாரோ எச்சில் தொட்டுத் துடைத்த சிலேட்டு.
ஆய்வுப் பரப்பு தமிழ்நாடு மட்டும் என்று
முதல் பருவத்திலேயே கத்தரித்துவிட்டோம்.
அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது.
இரண்டு சொடுக்கு.

முதுகலை இரண்டாம் ஆண்டு. என் தலைப்பு:
வலி எடுத்த வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம்.
முன்னால் 'சமூக நலனுக்கான' என்றும் இருந்தது.
கல்விக் கடன் கேட்டபோது வங்கி மேலாளர்
அதை மட்டும் உரக்கப் படித்துவிட்டு
சம்பளம் எவ்வளவு வரும் என்றார்.

கல்லுமொட்டு. முப்பத்தொரு வீடு.
என் கணக்கில் வாணியம்பாடிக்கு நூற்றுப் பதினேழு நிமிடம்.
மாவட்டத்திலேயே அடர்ந்த சிவப்பு.
அவ்வளவு சிவப்பான ஊரைப் பார்த்துவிட
பேருந்தில் போய், ஷேர் ஆட்டோவில் போய்,
மீதியை நடந்தேன்.

முனெம்மா என்னைவிட ஒரு வயது சின்னவள்.
அங்கன்வாடியில் உதவியாள்.
என்னிடம் தமிழும் ஆட்டிடம் தெலுங்கும் பேசினாள்.
"நூத்துப் பதினேழா? எவன் சொன்னான்?
எங்க அண்ணி குப்பத்துலதான் பெத்தா.
முக்கா மணி நேரம்."

காட்டினாள்.
உண்ணிச்செடிப் புதரில் புகுந்து
ஓடையில் இறங்கி ஏறும் ஒற்றைத் தடம்.
மேட்டில் எல்லைக்கல். அதன்மேல் பாவாடை காய்கிறது.
கல்லைத் தாண்டினால் டிராக்டர் பாதை,
ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் புளியமரம்.

ஒன்பது செயற்கைக்கோள். பிழை நான்கு மீட்டர்.
நடக்க நடக்கத் திரையில் புள்ளிகள் விழுந்தன,
ஆட்டுப் புழுக்கை போல.
சிவப்பு மஞ்சளாகப் போகிறது,
ஒரு அத்தியாயம் கிடைத்துவிட்டது என்று
எனக்கு மூச்சிரைப்பு கூடத் தெரியவில்லை.

மேட்டில் நின்று கேட்டாள்:
"இது எங்க போகும்?"
வரைபடத்துக்கு.
"அதை யாரு பாப்பாங்க?"
எல்லாரும். இலவசம். அதுதானே இதிலுள்ள நல்லது.
"ரேஞ்சரும்?"

ஓடை காப்புக்காட்டுக்குள் ஓடுகிறது.
முன்பு இன்னொரு தடம் இருந்ததாம்.
யாரோ படம் பிடித்துப் போக
மாதம் திரும்புவதற்குள் அகழி வெட்டினார்கள்.
மரம் கடத்துகிறவர்கள் வேறு வழி பார்த்துக்கொண்டார்கள்.
வலி எடுத்தவளால் முடியவில்லை.
அவள் பெயரைச் சொன்னாள் முனெம்மா.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இரவு ஆய்வகத்தில்
அறுநூற்று நான்கு புள்ளிகளை இணைத்தேன்.
நாற்பத்தாறு நிமிடம்.
அவள் சொன்னதைவிட ஒன்று கூட.
அழகான கோடு.
அழிக்கவும் துணிவில்லை, சேர்க்கவும் துணிவில்லை;
கோப்புக்கு வேறு பெயர் வைத்தேன்.

எல்லையை மட்டும் இருபது கிலோமீட்டர் தள்ளி வைத்தேன்.
குப்பம் உள்ளே வந்தது.
தார்ச்சாலை சுற்றி எண்பத்தொன்று.
கல்லுமொட்டு ஆரஞ்சு.

"கள ஆய்வு செய்தீர்களே, நடைபாதைகள் எங்கே?"
வெளித்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்.
இருக்கின்றன ஐயா, தரவில் இல்லை என்றேன்.
எட்டு மதிப்பெண் போயிற்று.

குப்பம் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தாமோதரத்தின் எண்
எப்படியோ கிடைத்தது.
அட்சரேகை சொல்லவில்லை.
புளியமரம், பாவாடை காயும் கல், இறக்கம்,
வாயாலேயே வரைந்தேன்.
"தெலுசம்மா" என்றார்.
"போன மாசம்கூட ஒரு பெண்ணை ஏத்திட்டு வந்தேன்.
மழை வந்தா அந்த ஓடைதான் தொல்லை.
படிச்சவங்க நீங்க, ஒரு சின்னப் பாலம் கேட்டு
எழுதிப் போடக்கூடாதா?"

பாலம் கேட்க வேண்டுமென்றால்
பாதை இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

வேறு பெயர் வைத்த கோப்பின் மேல்
அம்புக்குறி நின்றுகொண்டிருக்கிறது.
இன்னொரு கையில் போன்.
கல்லுமொட்டில் மணி அடிக்கிறது.
முனெம்மா ஆட்டை ஓட்டிக்கொண்டு போயிருப்பாள்,
இந்தப் பக்கமோ
அந்தப் பக்கமோ.